ஒரு சேலைக்கு ஏழு ஜன்னல்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்களை வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் காம்பராவுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. இரண்டு பலகைக் கதவு, உள்பக்கம் ஒரு கொக்கி, அவ்வளவுதான். அகலம் 2 அடி, உயரம் 3 அடி. அதையே பெரிய வசதியாக எண்ணிய காலம் அது. டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய தோட்டங்களில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்கள் நிறைய இருந்தன. 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், காற்று வர வாசல் மட்டுமே வழி. அப்படிப்பட்ட லயத்திலிருந்து சொந்தக்காரர்கள் யாராவது வந்தால், அம்மா அவர்களை ஜன்னலோரம்தான் உட்கார வைப்பார்.

ஜன்னலுக்குத் துணி போடுவது எங்களுக்கு முதலில் ஒரு தேவை. சமைப்பது, சாப்பிடுவது, படுப்பது, பிள்ளை பெறுவது எல்லாம் அந்த ஒரு காம்பராவிலும் அதன் முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையிலும்தான். ஜன்னலுக்கு நேர் கீழே லயத்து வாசல். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களும் பொதுக் குழாயான பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். ஜன்னலைத் திறந்தால் போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் உள்ளே. மூடினால் புகை வெளியே போகாது. தேயிலைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அம்மா கட்டிக்கொண்டு வரும் மிலாறுக் குச்சிகள் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஈர மிலாறு எரிகிற அடுப்பின் புகையைப் பழகியவர்களுக்கே தெரியும்.

அதனால் எல்லா வீட்டிலும் பழைய சேலைத் துண்டு ஒன்றைச் சணல் கயிற்றில் கோத்து இரண்டு ஆணிக்கு நடுவில் கட்டியிருப்பார்கள். கயிறு என்றால் தொய்யும். தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியில் தொடங்கி மாதக்கணக்கில் அடிக்கும் ஊரில், ஈரம் குடித்த துணியின் பாரம் வேறு. நடுவில் இடைவெளி விழுந்துவிடும். பகலில் அதன் வழியாகப் பனிமூட்டம் வரும். இரவில் குப்பிலாம்பு வெளிச்சத்தில் உள்ளே யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியும். அந்த இடைவெளியை மூடத்தான் அம்மா திரைக்கு மேலே குறுக்காக இன்னொரு துணி தைத்தார். சுருக்கு வைத்து, ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்து ஏழு அங்குலம் மட்டும் தொங்கும் துணி. நாங்கள் அதைப் பிரில் என்போம்.

லயத்தைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களை நான் படித்திருக்கிறேன். அறையின் நீள அகலம், கூரைத் தகரத்தின் ஓட்டை, ஒரு பீலிக்கு எத்தனை குடும்பம் என்று எல்லாம் அவற்றில் இருக்கும். இருக்கவும் வேண்டும். ஆனால் அந்தச் சுவருக்குள் ஒருத்தி உட்கார்ந்து அளந்து, வெட்டி, தைத்து மாட்டிய துணி நான் படித்த எதிலும் இல்லை. அந்தத் துணி எனக்கு முக்கியம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், ஜன்னல் பலகையும் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் தொங்கியது மட்டும் எங்களுடையது.

பெரியம்மா பெரிய துரை பங்களாவில் ஆயாவாக இருந்தார். அந்தப் பங்களா ஜன்னல்களுக்கு மேலே பலகையில் பெட்டி போல அடித்து, பூப்போட்ட கனத்த துணியால் மூடி, விளிம்பில் குஞ்சம் வைத்திருப்பார்கள் என்று சொல்வார். பெல்மெட் என்பது அதற்குப் பெயர். லயத்துப் பெண்கள் பங்களாவைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டுத் தைத்தார்கள் என்று பிற்காலத்தில் ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. அம்மா பங்களாவுக்குள் கால் வைத்தவரே இல்லை. அவர் பார்த்தது மாரியம்மன் தேர். திருவிழாவுக்குத் தோட்டத்து ஆட்கள் தேர் கட்டும்போது மேல்தட்டைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகச் சுருக்குத் துணி கட்டுவார்கள். கம்பும் கயிறும் தெரியாமல் மறைக்கிற துணி அது. "தேருக்குக் கட்டுற மாதிரிதான். உள்ள இருக்கிற முடிச்சு வெளிய தெரியக் கூடாது" என்றுதான் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. பங்களாவில் கணப்படுப்பின் புகை புகைக்கூண்டு வழியே போய்விடும். எங்கள் வீட்டில் புகை மேலே எழும்பி, கூரையைத் தொட்டு, ஜன்னலின் மேல் பக்கமாக வெளியேறும். கரி முழுதும் திரையின் மேல் பகுதியில்தான் படியும். திரையைத் துவைக்க வேண்டுமென்றால் பீலியில் நின்று இரண்டு மூன்று வாளித் தண்ணீர் பிடிக்க வேண்டும். அது காயும் வரை ஜன்னல் வெறுமையாக இருக்கும். பிரில் இருந்தால் கரியை அது வாங்கிக்கொள்ளும். அதை மட்டும் கழற்றி அரை வாளித் தண்ணீரில் அலசினால் போதும். இதை அம்மா திட்டமிட்டுச் செய்தாரா, செய்த பிறகு கண்டுகொண்டாரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் லயத்துப் பெண்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதற்கு அழகைப் போலவே இந்தத் துவைக்கும் சுகமும் ஒரு காரணம்.

எல்லாம் கைத்தையலில்தான் தொடங்கியது. மெஷின் பிறகு வந்தது. அது வந்த விதத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் எங்கள் லயத்தைக் காம்பரா காம்பராவாகப் பிரித்தது. இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்பது பேச்சு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் இந்தியா, தம்பி சிலோன் என்று ஆன வீடுகள் உண்டு. 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். மாவும் அரிசியும் சுருங்கி, மரவள்ளிக்கும் வழியில்லாமல் தோட்டங்களில் ஆட்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் பலரும் போய்விடலாம் என்று முடிவெடுத்தார்கள். அட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். பயணம் சொல்ல வருகிறவர்கள் ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

எங்கள் லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் காம்பராவிலிருந்து அப்படிப் புறப்பட்ட அக்காவிடம் ஒரு சிங்கர் கைமெஷின் இருந்தது. கறுப்பு உடம்பு, அதன் மேல் பொன் நிறத்தில் கொடியும் பூவும். சிங்கர் கம்பெனி 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. தவணைக்குக் கொடுத்துக் கொடுத்தே அதன் மெஷின்கள் மலைநாடு வரை ஏறியிருந்தன. அந்த அக்காவின் மாமியார் காலத்து மெஷின் அது. கூடவே கொண்டுபோகத்தான் அவருக்கு ஆசை. ஆனால் டவுன் கடையில் இருந்த பாக்கியை அடைக்காமல் எப்படிப் புறப்படுவது?

"தங்கச்சி, கடைக்காரன்கிட்டக் குடுத்தா இரும்பு வெலைக்குத்தான் எடுப்பான். நீ வச்சுக்க. ஒன் கையிலன்னா அது ஓடிக்கிட்டு இருக்கும்" என்றார் அம்மாவிடம்.

"காசுக்கு எங்கக்கா போறது?"

"சீட்டு இருக்குல்ல?"

லயத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து போட்ட சீட்டு அது. அம்மாவின் முறை வர இன்னும் பல மாதம் இருந்தது. அந்த மாதம் எடுக்க வேண்டியவர் தன் மகளின் சடங்குக்காகக் காத்திருந்தவர். அன்றிரவு எல்லோரும் எங்கள் இஸ்தோப்பில் கூடினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுதாக நினைவில்லை, தூங்கிவிட்டேன். காலையில் மெஷின் எங்கள் வீட்டு மூலையில் சாக்குத் துணியால் மூடியிருந்தது. சடங்குக்காரியின் அம்மா தன் முறையை விட்டுக்கொடுத்திருந்தார். பதிலுக்கு அம்மா ஒப்புக்கொண்டது இரண்டு: சடங்குக்குப் பாவாடை தாவணிச் சட்டையைக் கூலியில்லாமல் தைத்துத் தருவது, வருகிற தீபாவளிக்குள் லயத்தின் பன்னிரண்டு ஜன்னலுக்கும் பிரில் தைத்துப் போடுவது. போகிற அக்காவின் காம்பராவும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அங்கே புதிதாக யார் வருவார்கள் என்று தெரியாமலேயே அதற்கும் சேர்த்துத்தான் அம்மா அளவெடுத்தார்.

துணிக்கு என்ன செய்வது? அரசாங்கம் துணி இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த வருடங்கள் அவை. கூட்டுறவுக் கடையில் சீத்தை வருகிறது என்றால் அதிகாலையிலேயே வரிசை நிற்கும். அது பிள்ளைகளின் பள்ளி உடுப்புக்கும் போதாது. ஜன்னலுக்குக் கடைத்துணி வாங்குவதை யாரும் நினைத்தும் பார்க்கவில்லை. இருந்தது பழைய சேலைதான். அம்மா கேட்டது நடுவில் கிழிந்த சேலை. அடுப்புப் பொறி பட்டோ, தேயிலை மிலாறு மாட்டியோ நடுவில் போய், கரை கெடாமல் இருக்கிற சேலை. திருவிழாவுக்கு மட்டும் கட்டியது என்றால் கரை புதுசாகவே இருக்கும்.

அம்மாவின் கணக்கை இப்போதும் என் மாணவிகளுக்குச் சொல்வதுண்டு. சேலை 6 யார், அதாவது 216 அங்குலம். ஜன்னல் 24 அங்குலம். இரண்டு பக்கமும் சுவரில் மூன்று மூன்று அங்குலம் ஏற வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் வெளிச்சம் கசியும். ஆக 30. சுருக்கு நிறைவாக விழ அதற்கு இரட்டிப்புத் துணி, 60. ஒரு கரையில் மூன்று பிரில் வெட்டினால் 180 போய் 36 மிஞ்சும். மறு கரையிலும் அப்படியே மூன்றும் 36 மிச்சமும். அந்த இரண்டு 36ஐயும் ஒட்டினால் 72, ஏழாவது பிரில். ஒட்டுத் தையல் சுருக்கு மடிப்புக்குள் போய்விடும், தேடினாலும் தெரியாது. ஒரு சேலைக்கு ஏழு ஜன்னல். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் இதைத் தரையில் கரித்துண்டால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார்.

அகலத்திலும் கணக்கு உண்டு. கரையோடு சேர்த்து 9 அங்குலம் வெட்டுவார். மேலே இரண்டு அங்குலம் மடிப்பு. அதற்குள் கம்பு நுழைய வேண்டும். மீதி ஏழு அங்குலம் தொங்கும். 3 அடி உயர ஜன்னலுக்கு ஐந்தில் ஒரு பங்கு. இதைவிட நீளமாகத் தொங்கினால் உள்ளே இருட்டடிக்கும், ஏற்கெனவே வெளிச்சம் குறைந்த காம்பரா. குட்டையாக இருந்தால் கயிறு தெரியும். கீழ் விளிம்பு சேலையின் கரை என்பதால் மடித்துத் தைக்க வேண்டியதே இல்லை. நெய்யும்போதே அது பிரியாமல் கட்டி வந்தது. ஏழு பிரிலுக்கு அடிமடிப்பு இல்லை என்றால் எவ்வளவு நூல் மிச்சம் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு கரையும் போக நடுவில் மிஞ்சும் 27 அங்குல அகலத் துணியில் கிழிசலை ஒதுக்கிவிட்டு, தலையணை உறையும் சின்னப் பிள்ளைகளுக்கு உள்பாவாடையும் தைத்தார்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை நேரே ஓட்ட மாட்டார். குறுக்கே ஓடும் ஓர் இழையை ஊசி முனையால் கிளப்பி, பதமாக இழுத்து எடுப்பார். இழை போன தடம் மெல்லிய கோடாகத் தெரியும். அதன் மேல் வெட்டினால் துணி கோணாது. கோணல் வெட்டில் தைத்த பிரில் முதல் துவைப்பிலேயே ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நூல் சேலையாக இருந்தால் முதலில் சுடுதண்ணீரில் ஊறப் போட்டுக் காய வைத்த பிறகே வெட்டுவார். சுருங்க வேண்டியது முன்னமே சுருங்கட்டும் என்று.

சுருக்கு வைக்கத்தான் நல்ல நூல் வேண்டும். மேல் மடிப்புக்குக் கீழே பெருந்தையலாக இரண்டு வரிசை ஓட்டி, இரண்டு நூல் முனையையும் சேர்த்து இழுத்து, துணியைத் தள்ளித் தள்ளி 60 அங்குலத்தை 30க்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வரிசை மட்டும் ஓட்டினால் சுருக்கு புரளும். மெஷின் நூல் இந்த இழுப்புக்கு அறுந்துவிடும். அதற்கு அம்மா வைத்திருந்தது மாச்சாக்கின் வாய்த் தையலில் இருந்து உருவிய நூல். கோதுமை மாச் சாக்கின் வாயைச் சங்கிலித் தையலாகத் தைத்திருப்பார்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழு நூலும் ஒரே மூச்சில் உருவி வரும். லயத்தில் யார் வீட்டுக்குச் சாக்கு வந்தாலும் அந்த நூல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி அது பெரிய உருண்டையாக இருந்தது. மேல் மடிப்பைத் தைக்க மட்டும் கடை நூல், அதுவும் வெள்ளை ஒன்றே. நிறத்துக்கு நிறம் நூல் வாங்க வேண்டியதில்லை, தையல் சுருக்கில் மறைந்துவிடும் என்பது அம்மாவின் கட்சி.

என் வேலை கைப்பிடி சுற்றுவது. கைமெஷினில் வலது கை சக்கரத்துக்குப் போய்விட்டால் துணியைப் பிடிக்க இடது கை மட்டுமே. இவ்வளவு சுருக்கு வைத்த துணியை ஒரு கையால் அடக்க முடியாது. அதனால் நான் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து சுற்றுவேன், அம்மா இரண்டு கையாலும் மடிப்பை நெறிப்படுத்துவார். "மெல்ல... மெல்ல... நிறுத்து. ஊசிய உள்ள வச்சு நிறுத்து." மடிப்புக் கனத்த இடம் வரும்போது சக்கரம் கையிலேயே இறுகும். துணி எங்கே இரட்டையாக இருக்கிறது, எங்கே ஒற்றை என்று கண்ணால் பார்க்காமலே என் உள்ளங்கைக்குத் தெரிய வந்தது அப்போதுதான். பிற்காலத்தில் நான் தையல் கற்றுக்கொடுக்கப் போனதற்கு விதை எது என்று கேட்டால் அந்தச் சக்கரத்தைத்தான் சொல்வேன்.

கொழுந்து மலையிலிருந்து மாலையில் வந்து, நிறுவை முடிந்து, சமைத்து, எங்களைச் சாப்பிட வைத்த பிறகுதான் அம்மா மெஷினில் உட்காருவார். நாள் முழுதும் இரண்டு இலையும் குருத்துமாகக் கிள்ளிய விரல்கள், சாயம் ஏறிக் கறுத்து வெடித்தவை. துணியைத் தொடும் முன் அரப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுவார், வெள்ளைத் துணியில் கறை படாமலிருக்க. அந்நாளில் அதே தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணைவிட நாட்சம்பளம் குறைவு, 1984இல்தான் சமமாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்து வந்த பணத்தில் ஒரு நூல் கட்டையும் ஒரு பெட்டி ஆணியும் வாங்கியதுதான் பன்னிரண்டு ஜன்னலுக்கும் சேர்த்து ஆன ரொக்கச் செலவு.

கம்புக்கு மூங்கில். பச்சை மூங்கிலைப் பிளந்து அப்படியே மாட்டினால் வண்டு துளைத்து மா கொட்டும். அப்பா அதைச் சீவி அடுப்புக்கு மேலே பரணில் போட்டு வைத்தார். சில கிழமை புகை குடித்தபின் அது பழுத்த நிறத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு வண்டு அண்டாது. கயிறு தொய்கிற கதை அதோடு முடிந்தது. சோற்றுக் கஞ்சி கிடைக்காத நாளில் கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சியில் பிரிலை முக்கி, சிரட்டைக்கரிப் பெட்டியால் தேய்த்தார்கள். லயத்தில் ஒரேயொரு இஸ்திரிப் பெட்டி. அது முறை வைத்துச் சுற்றியது. முறை வராதவர்கள் அரை ஈரத்தில் மடித்துப் பாயின் கீழே வைத்து இரவு படுத்தார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அந்தத் தீபாவளிக்கு, தோட்டத்தில் கொடுத்த சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து லயத்துக்கு வெள்ளையடித்தார்கள். முதல் சேலை மஞ்சளில் அரக்குக் கரை, ஏழு ஜன்னல். மீதி ஐந்துக்குப் பச்சைக் கரை போட்ட நூல் சேலை. எதிர் மலையில் நின்று பார்த்தால் நீளமான வெள்ளைச் சுவரில் ஏழு அரக்கு, ஐந்து பச்சை. வேலை விட்டு வந்த அடுத்த டிவிஷன் ஆட்கள் ரோட்டில் நின்று பார்த்தார்கள். அடுத்த வருடம் அந்த டிவிஷனிலிருந்து சேலைகள் வந்தன. கூடவே கூலியும் வந்தது. அம்மாவின் மெஷின் சம்பாதிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது. அட்டன் கடைகளில் நைலக்ஸும் லேஸும் தொங்கின. உறை போட்ட ஸ்பிரிங் கம்பியும் இரண்டு கொளுக்கியும் வந்து மூங்கிலின் வேலையை எடுத்துக்கொண்டன. மடிப்பு இரண்டு அங்குலம் வேண்டியதில்லை, முக்கால் அங்குலமே போதும் என்றானது. நைலான் லேஸ் மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. விறகடுப்பு வீட்டில் அது ஆபத்து. பொறி பட்டால் நூல் துணி கருகும், நைலான் உருகி ஒட்டும். பார்க்க மட்டும்தான் அது வெள்ளை. ஒரு மழைக்காலப் புகையில் மஞ்சளாகிவிட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் திரும்பாது.

1978இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். எங்கள் தோட்டத்துப் பெண் பிள்ளைகளும் கார்மென்ட்ஸுக்குப் புறப்பட்டார்கள். என் சித்தி மகளும் போனாள். கட் பீஸ் என்று தொழிற்சாலை வெட்டில் மிஞ்சிய துண்டுகள் கிலோக் கணக்கில் மலைநாட்டுச் சந்தைகளுக்கும் வந்தன. அவற்றைப் பொறுக்கத் தெரிய வேண்டும். பனியன் துணித் துண்டு பிரிலுக்கு ஆகாது; அது இழுபடும், தொங்கத் தொங்க நீளும். சட்டைத் துணி நல்லது. ஆனால் கைக்குழி வெட்டிய வளைவுகள் இருக்கும், நேராக்கினால் பாதி போய்விடும். நீளத் துண்டாகத் தேடி, நிறம் மாற்றி மாற்றி ஒட்டுப் போட்டுத் தைத்தால் வரும் பிரிலுக்குத் தனி அழகு. சித்தி மகள் லீவில் வரும்போது, மூன்று பேர் செய்யும் வேலையைத் தான் ஒருத்தியே செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அம்மாவின் பழைய கைமெஷினைப் பார்த்துச் சிரிப்பாள். பிறகு அவளே உட்கார்ந்து சுற்றுவாள்.

நான் மனையியல் ஆசிரியையாக வேலைக்குப் போனபோது, பாடத்தில் இருந்த மாதிரிகள் பலவும் அரைவட்டம் அரைவட்டமாக விளிம்பு வெட்டியவை. அழகுதான். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் உள்துணி வைத்துத் திருப்ப வேண்டும், வெட்டிப்போடும் துணி வீண். கையில் காசில்லாதவளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது நேர் விளிம்பு. என் வகுப்பில் வீரகேசரிப் பத்திரிகைத் தாளை ஒட்டி, ஜன்னல் அளவுக்கு வெட்டி, சுருக்கு மடித்துப் பார்த்த பிறகே துணியைத் தொட விடுவேன். தாள் கிழிந்தால் நட்டமில்லை. சில பிள்ளைகள் சொந்த வீட்டு ஜன்னல் அளவைக் கொண்டுவரச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஜன்னல் இல்லாத காம்பராக்கள் அப்போதும் இருந்தன. அவர்களுக்கு வாசலுக்குத் தைக்கச் சொல்லிக்கொடுத்தேன். சுருக்கு ஒன்றுதான், அளவுதான் வேறு.

2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்துக்கு வந்து, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். ஏழு பேர்ச் நிலம், 550 சதுர அடி வீடு. எத்தனையோ குடும்பங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. இன்னும் லயத்தில் இருப்பவர்களை நினைக்காமல் புது வீட்டைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை. தம்பி மகளுக்கு ஒன்று கிடைத்தது. கண்ணாடி போட்ட ஜன்னல், குறுக்கே இரும்புக் கம்பி, அகலம் 4 அடி. அவள் குடிபோன சமயம் 2022 பொருளாதார நெருக்கடி. முந்திய வருடம்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகியிருந்தது. ரூபாவின் பெறுமதி விழுந்து அந்த உயர்வையும் விழுங்கிவிட்டது. அட்டன் கடையில் தைத்து வைத்திருந்த ஒரு ஜோடித் திரையின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அத்தை, ஆச்சி கணக்குச் சொல்லுவீங்களே, அது இந்த ஜன்னலுக்கு வருமா?"

தரையில் உட்கார்ந்து இரண்டு பேருமாகப் போட்டுப் பார்த்தோம். 48உம் பக்கத்துக்கு மூன்றும் 54, இரட்டித்தால் 108. ஒரு கரையில் இரண்டு, இரண்டு கரையில் நாலு. 216இல் ஓர் அங்குலம்கூட மிச்சமில்லை. வெட்டும்போது ஓரம் மடிக்க இடம் வேண்டுமே என்றாள். இரட்டிப்பில் ஓர் அங்குலம் குறைந்தால் சுருக்குக்கு ஒன்றும் ஆகாது, அதிலேயே மடித்துக்கொள் என்றேன். வீட்டில் நாலு ஜன்னல்: ஹோலுக்கு ஒன்று, படுக்கை அறை இரண்டுக்கு இரண்டு, குசினிக்கு ஒன்று. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"குசினியில அடுப்பு எந்தப் பக்கம்?"

"ஜன்னலுக்குக் கீழதான், அத்தை. கேஸ் குக்கர்."

"அப்ப அதுக்கு வேணாம். கண்ணாடி இருக்கு, புகையும் இல்ல. நெருப்புக்கு மேல துணி எதுக்கு?"

அவளுக்கு மனமில்லை. நாலும் ஒரே கரையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கேஸ் தட்டுப்பாட்டில் மறுபடி விறகை உள்ளே கொண்டுவர நேர்ந்தால் என்னவாகும் என்று கேட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டாள். அந்த நாலாவது துண்டை வாசல் கதவுத் திரைக்கு மேலே போடுவது என்று முடிவானது. வாசல் 3 அடி. பக்கத்து மூன்றும் சேர்த்து 42, இரட்டித்தால் 84. மிச்சம் 24 அங்குலம். அதற்கும் அவளிடம் ஒரு திட்டம் இருந்தது: பிள்ளையின் பள்ளிப் பைக்கு உள்பை. அளவெடுக்கப் பையைக் கொண்டுவா என்று மகனைக் கூப்பிட்டாள்.